பட்டியலில் இருந்த பெயர் மலரில் எங்கே போனது?

குடமுழுக்கு முடிந்து சிறப்பு மலர் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள்? வாழ்த்துரைகளையா? ஆலய வரலாற்றையா? கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் வரும் நன்கொடையாளர் பட்டியலைத்தான்! விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தேடி, தம் பெயரையோ தம் தகப்பனார் பெயரையோ கண்ட பிறகுதான் மற்றப் பக்கங்களைப் புரட்டுகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிற மலர் அது. பிறகு அது வீட்டு அலமாரியில் பேரப்பிள்ளைகள் காலம்வரை இருக்கும்.

‘கணினிப் பட்டியலிலிருந்து அச்சுப் பக்கத்துக்கு’ என்று இவ்வாரக் கலந்துரையாடலுக்குத் தலைப்பு வைத்தபோது, இது ஏதோ கணினி வல்லுநர்களின் சங்கதி என்று நேயர்களில் பலர் நினைத்திருக்கலாம். ஆனால், பேச வந்த ஆலயப் பொருளாளர் ஒருவர் தொடக்கத்திலேயே சொன்ன ஒரு நிகழ்ச்சி தலைப்பின் கனத்தை எல்லாருக்கும் உணர்த்திவிட்டது.

அவர் ஆலயத் திருப்பணிக்கு மூதாட்டி ஒருவர் 500 வெள்ளி கொடுத்திருக்கிறார். ஒரே தடவையில் அல்ல. மாதம் 100 வெள்ளியாக ஐந்து மாதம். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணம். ஒவ்வொரு முறையும் ரசீது எழுதும்போது, மறைந்த தம் கணவரின் பெயரில் போடும்படி சொல்லியிருக்கிறார். பொருளாளரும் ரசீதின் ஓரத்தில் ‘அமரர் இன்னார் நினைவாக’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மலர் வெளிவந்தது. அதில் மூதாட்டியின் பெயர் இருந்தது, பக்கத்தில் 100 வெள்ளி என்று இருந்தது. கணவர் பெயர் எங்குமே இல்லை. அவர் சண்டை போடவில்லை. மலரை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, பிரசாதம்கூட வாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

அடுத்த மலர் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். அந்த அம்மாவுக்கு அப்போதே எழுபத்தெட்டு வயது.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. அப்படியானால் பெயர் எங்கே தொலைந்தது? அதைத் தேடிக்கொண்டு போனால் முழு விஷயமும் விளங்கும்.

ஐந்து கை மாறிய பெயர்

நம் இயக்கங்களிலும் ஆலயங்களிலும் ஒரு பெயர் அச்சுக்குப் போகும் வழியைக் கவனித்தால் வியப்பாக இருக்கும். முதலில் அது ரசீதுப் புத்தகத்தில் கையெழுத்தாக இருக்கிறது. ஓர் இளைஞர் அதைப் பார்த்துக் கணினியில் எக்செல் பட்டியலாகத் தட்டச்சு செய்கிறார். பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு அச்சகத்தில் கொடுக்கிறார்கள். அச்சகத்தில் உள்ளவர் காகிதத்தைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்து பக்கத்தில் போடுகிறார். பிழைதிருத்தப் படி வருகிறது. செயலவையில் ஒருவர் சிவப்பு மையில் திருத்துகிறார். அச்சகத்தில் மூன்றாவது முறையாகத் தட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு ‘ள’ ‘ல’வாக மாறும், ஒரு வரி விடுபடும், ஒரு சுழியம் குறையும். அறுநூறு பெயர் உள்ள பட்டியலை மூன்று முறை தட்டினால் பிழை வராமல் இருப்பதுதான் அதிசயம்.

ஒரு பெயரை ஒரே ஒரு முறை தட்டச்சு செய்து, அதன்பின் எங்கெல்லாம் அது வேண்டுமோ அங்கெல்லாம் கணினியே கொண்டுபோய் வைக்கும்படி செய்ய முடியாதா? முடியும். அதற்கான வசதி புதிதும் அல்ல. 1980களின் தொடக்கத்தில் வோர்ட்ஸ்டார் என்ற மென்பொருளோடு சேர்த்துப் பயன்படுத்த ‘மெயில்மெர்ஜ்’ என்ற துணை மென்பொருள் இருந்தது. ஒரே கடிதத்தை நூறு பேருக்கு, ஒவ்வொருவர் பெயரும் முகவரியும் தனித்தனியாக விழும்படி அச்சிட்டுக் கொடுத்தது அது. பிறகு மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் அதே வசதி வந்தது. புத்தக வடிவமைப்புக்கென்று இருந்த பேஜ்மேக்கரின் 7.0 பதிப்பில் 2001-இல் ‘டேட்டா மெர்ஜ்’ என்ற பெயரில் வந்தது. இன்று அச்சகங்களில் பரவலாகப் புழங்கும் இன்டிசைனில் 2005-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து உடன் சேர்ந்தே இருக்கிறது. இருந்தும், பெரும்பாலான ஆலய மலர்களும் பள்ளி மலர்களும் இன்னும் பழைய வழியில்தான் தயாராகின்றன. காரணம் மென்பொருள் இல்லாமை அல்ல. பட்டியலை அதற்கேற்றபடி வைத்துக்கொள்ளாமை.

முறுக்கு மாவும் முறுக்கு அச்சும்

இது எப்படி வேலை செய்கிறது என்பதை அடுக்களையிலிருந்தே விளக்கலாம். முறுக்குக்கு மாவு வேறு, அச்சு வேறு. அச்சை மாற்றினால் அதே மாவு ஓமப்பொடியாகவும் வரும், ரிப்பன் பக்கோடாவாகவும் வரும். பட்டியல்தான் மாவு. பக்க வடிவம்தான் அச்சு. இரண்டையும் கலந்து வைத்துவிடுவதுதான் நாம் செய்யும் தவறு. பெயரைத் தட்டும்போதே தடித்த எழுத்து, நடுவில் கோடு, பக்கத்தில் புள்ளி புள்ளியாக இழுத்து அதன் முடிவில் தொகை என்று அலங்காரம் செய்துவிடுகிறோம். அந்தப் பட்டியல் அதன்பிறகு வேறெதற்கும் உதவாது.

பட்டியலில் ஒரு வரி ஒரு பதிவு, அதாவது ஒரு நன்கொடையாளர். ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு தகவல்: பெயர், ஊர், தொகை. முதல் வரியில் அந்த நெடுவரிசைகளின் தலைப்பு மட்டுமே இருக்க வேண்டும். ஆலயத்தின் பெயரையும் ‘நன்கொடையாளர் பட்டியல்’ என்ற தலைப்பையும் முதல் வரியில் பெரிதாகப் போட்டு, நாலு கட்டங்களை ஒன்றாக இணைத்து அழகுபடுத்தி வைப்பது நம்மவர்களின் வழக்கம். கணினி அதைத்தான் நெடுவரிசைத் தலைப்பு என்று எடுத்துக்கொண்டு குழம்பிப் போகும்.

பக்கத்தை வடிவமைப்பவர் பெயர் வர வேண்டிய இடத்தில் பெயருக்குப் பதிலாக ஓர் இடக்குறியை வைக்கிறார். இரட்டை அம்புக்குறிகளுக்குள் நெடுவரிசையின் தலைப்பு இருக்கும். அந்த இடக்குறிக்கு என்ன எழுத்துரு, என்ன அளவு, என்ன நிறம் கொடுக்கிறாரோ, அதே கோலத்தில்தான் ஒவ்வொரு பெயரும் வந்து விழும். படமும் அப்படியே வரும். படக்கோப்பு இருக்கும் இடத்தை ஒரு நெடுவரிசையில் எழுதி, அதன் தலைப்புக்கு முன்னால் ‘அட்’ குறியைப் போட்டால், பழைய மாணவர் மலரில் ஒவ்வொருவர் படமும் அவரவர் பெயருக்கு மேல் வந்து அமரும். எக்செலில் அந்தக் குறியோடு தொடங்கினால் அது கணக்குச் சூத்திரம் என்று நினைத்துக்கொண்டு மறுத்துவிடும். முன்னால் ஒரு மேற்கோள் புள்ளியைச் சேர்த்துத் தட்ட வேண்டும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் அரை நாளைத் தொலைத்தவர்கள் உண்டு.

சிலரிடம் ஊர் பெயர் இருக்காது, சிலரிடம் பட்டம் இருக்காது. காலிக் கட்டத்துக்குக் காலி வரி விழுந்து பட்டியல் பல்லிளிக்குமே என்று கவலைப்பட வேண்டாம். காலி வரிகளை நீக்கும் தேர்வு இன்டிசைனிலேயே இருக்கிறது. நீளமான பெயர் பெட்டிக்குள் அடங்காமல் மறைந்துபோனால், எந்தப் பதிவில் அப்படி நடந்தது என்று அறிக்கை தரும் தேர்வும் இருக்கிறது. அதைக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டிக்கு வெளியே வழிந்த பெயர் அச்சில் தெரியாது, யார் கண்ணிலும் படாமலே விடுபட்டுப் போகும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டேட்டா மெர்ஜ் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பள்ளிப் பரிசளிப்பு விழாச் சான்றிதழ், விருந்தினர் பெயரட்டை, உறையின் மேல் முகவரி போன்றவற்றுக்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் ஒரு பதிவுக்கு ஒரு பெட்டி அல்லது ஒரு பக்கம். நன்கொடையாளர் பட்டியல் அப்படி அல்ல. அறுநூறு பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக, இரண்டு மூன்று பத்திகளில் ஓட வேண்டும். அதற்கு வேர்டில் உள்ள மெயில் மெர்ஜிலேயே ‘டைரக்டரி’ என்ற வகை இருக்கிறது. கடித வகை ஒவ்வொரு பெயருக்கும் புதுப் பக்கம் தொடங்கும். டைரக்டரி வகை நிறுத்தாமல் தொடர்ச்சியாகக் கொட்டும். அப்படி வந்த கோப்பை வடிவமைப்பாளர் இன்டிசைனில் எடுத்துப் பத்திகளில் ஓடவிட்டால் முடிந்தது. கூடுதல் மென்பொருளும் வேண்டாம், கூடுதல் செலவும் வேண்டாம்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு இந்தப் பழக்கம் வெகு நாளாகவே உண்டு. டோனல்ட் குனுத் உருவாக்கிய டெக் அச்சுக்கோப்பு முறையைச் சார்ந்து, ஓரென் பட்டாஷ்னிக் 1985-இல் பிப்டெக் என்ற கருவியை வெளியிட்டார். மாணவர் தாம் படித்த நூல்களின் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு ஆகியவற்றை ஒரு கோப்பில் ஒருமுறை பதிந்து வைத்தால் போதும். ஆய்வேட்டில் எந்த நூலைச் சுட்டுகிறாரோ அதன் விவரத்தைக் கருவி எடுத்து, முறைப்படி அடுக்கிக் கடைசியில் அச்சிட்டுவிடும். பல்கலைக்கழகம் வேறு பாணியில் கேட்டால் பாணியை மட்டும் மாற்றினால் போதும், இருநூறு நூல்களையும் திரும்பத் தட்ட வேண்டியதில்லை. பின்னால் வந்த பிப்லேடெக்கில், ஓலைச்சுவடி, நேர்காணல் என்று தமக்கு வேண்டிய பதிவு வகைகளைத் தாமே வகுத்துக்கொள்ளவும் முடிகிறது. ஆலய மலருக்கும் ஆய்வேட்டுக்கும் வேலை ஒன்றுதான்.

தமிழ் என்று வந்தால்...

ஆங்கிலப் பட்டியலாக இருந்தால் இதோடு நிறுத்திவிடலாம். தமிழுக்குச் சில தனிச் சங்கடங்கள் உண்டு. அச்சக வடிவமைப்பாளர் ஒருவர் அதிக நேரம் பேசியதும் இதைப் பற்றித்தான்.

முதல் சங்கடம் பழைய எழுத்துருக்கள். 1990களில் ஒவ்வொரு மென்பொருளும் தமிழுக்குத் தனக்கென்று ஓர் ஏற்பாட்டை வைத்திருந்தது. இதைச் சீர்செய்யத்தான் 1997 மே மாதம் சிங்கப்பூரில் ‘தமிழ்நெட் 97’ மாநாடு கூடியது. யூனிகோட் முறையில் 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தாலும், அது எல்லாக் கணினிகளிலும் புழக்கத்துக்கு வரக் காலம் பிடித்தது. ஆகவே, 2000-ஆம் ஆண்டுவாக்கில் தொகுத்த உறுப்பினர் பட்டியல் ஏதாவது ஆலயக் கணினியில் இருந்தால், அது பெரும்பாலும் பழைய எழுத்துருவில்தான் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். அந்தப் பட்டியல் கெட்டுப்போகவில்லை, தூக்கி எறிந்துவிட வேண்டாம். எழுத்துமாற்றிகளின் உதவியோடு யூனிகோடுக்கு மாற்றிவிடலாம்.

உண்மையிலேயே கெட்டுப்போவது வேறொரு கட்டத்தில். எக்செலிலிருந்து பட்டியலைச் சாதாரண ‘சி.எஸ்.வி.’ கோப்பாகச் சேமித்தால், தமிழ் எழுத்துகள் அத்தனையும் வினாக்குறிகளாக மாறிவிடும். பழைய எழுத்துருவைப் போல இதை மாற்றி எடுக்க முடியாது. எழுத்தே அழிந்துவிட்டது. ‘சி.எஸ்.வி. யூடிஎஃப்-8’ என்ற வகையையோ ‘யூனிகோட் டெக்ஸ்ட்’ என்ற வகையையோ தேர்ந்து சேமிக்க வேண்டும். மூல எக்செல் கோப்பை எப்போதும் தனியாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

அடுத்தது கொம்பு. ‘கெ’, ‘கொ’ போன்ற எழுத்துகளில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். இந்திய மொழிகளுக்கான வரிக்கோப்பு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இன்டிசைன் அதைப் பின்னால் போட்டுவிடும். ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்ற அந்த முறை 2012-இல் வந்த பதிப்பிலிருந்து தமிழுக்கும் கிடைக்கிறது. ஒரே ஒரு பத்திப் பாணியில் அதைத் தேர்ந்து வைத்தால் பட்டியல் முழுக்கச் சரியாகிவிடும். இது தெரியாமல், ‘கணினியில் தமிழ் சரியாக வராது’ என்று சொல்லிப் பெயர்களை ரூமியிலேயே அச்சிட்டுவிடுகிற செயலவைகளும் இருக்கின்றன.

ரூமியைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அடையாள அட்டையில் பெயர் ரூமி எழுத்தில்தான் இருக்கிறது. அதுவும் பிறப்பைப் பதிந்த குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி! ரூமிப் பட்டியலைக் கொடுத்துத் தமிழாக்கச் சொன்னால் கணினியும் தடுமாறும், ஆளும் தடுமாறுவார். ‘கே ஏ எல் ஏ’ என்றிருந்தால் கலாவா, காலாவா? ‘வி ஏ எல் எல் ஐ’ வள்ளியா, வல்லியா? ‘எம் ஏ என் ஐ’ மணியா, மானியா? ஊகித்து எழுதும் உரிமை யாருக்கும் இல்லை. ரசீது எழுதும்போதே, கொடுப்பவரையே தம் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லிவிடலாம். தமிழ் எழுதத் தெரியாத இளையவர் என்றால் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதி, அவரிடமே காட்டிவிடலாம். அரை நிமிட வேலை.

பிறகு அகர வரிசை. சில மென்பொருள்கள் எழுத்துக்குக் கணினி கொடுத்திருக்கும் எண்ணை வைத்து அடுக்குகின்றன. அந்த எண் வரிசையில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ வந்துவிடுகிறது. நம் நெடுங்கணக்கில் ‘ன’ கடைசி எழுத்தல்லவா? அதனால் மயில்வாகனனுக்கு முன்னால் மனோகரன் வந்து நிற்பார். ‘ஜ’வும் ‘ச’வுக்குப் பக்கத்தில் போய்விடும். ஜெயராமன்களும் ஜெயலெட்சுமிகளும் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களைப் பட்டியலின் கடைசியில் வைப்பதா, ‘ச’வை ஒட்டி வைப்பதா என்பது செயலவை முடிவு செய்ய வேண்டியது, கணினியின் விருப்பத்துக்கு விடக்கூடாது. பட்டியலில் ‘வரிசை எண்’ என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, முடிவான வரிசையை அதில் எழுதிவிட்டால் குழப்பமில்லை. தலைப்பெழுத்துக்கும் தனி நெடுவரிசை வேண்டும். ‘கி. மாரிமுத்து’ என்று ஒரே கட்டத்தில் எழுதினால் அவர் ‘கி’யில் போய் உட்கார்ந்துவிடுவார்.

எக்செலின் அதிகப்பிரசங்கித்தனம்

எக்செல் நல்ல வேலையாள்தான். ஆனால், கேட்காமலே உதவி செய்யும் குணம் அதற்கு உண்டு. 05000 என்று அலோர் ஸ்டாரின் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால், முன்னால் உள்ள சுழியம் வேண்டாதது என்று அதுவே முடிவு செய்து 5000 ஆக்கிவிடும். கைத்தொலைபேசி எண்கள் எல்லாமே சுழியத்தில்தான் தொடங்குகின்றன. 2000-க்குப் பிறகு பிறந்த பல பிள்ளைகளின் அடையாள அட்டை எண்ணும் அப்படியே. அடுக்குமாடி வீட்டின் எண் 3-4 என்று எழுதினால் அதை ஒரு தேதியாக மாற்றிவிடும். தட்டத் தொடங்கும் முன் அந்த நெடுவரிசைகளை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துவிடுவதே மருந்து. தட்டிய பிறகு குறித்தால் போன சுழியம் திரும்பாது.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது. பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்து அகர வரிசைப்படுத்தினால், பெயர்கள் இடம் மாறும், தொகைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். 50 வெள்ளி கொடுத்தவருக்கு 5,000 வெள்ளியும், 5,000 வெள்ளி கொடுத்தவருக்கு 50 வெள்ளியும் என்று மலர் வெளிவந்தால் என்ன நடக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. எக்செல் அப்போது ஓர் எச்சரிக்கை காட்டும். அவசரத்தில் அதைப் படிக்காமல் அழுத்திவிடுகிறோம்.

மூதாட்டியின் 500 வெள்ளி 100 வெள்ளியானதும் இப்படி ஒரு ‘உதவி’யால்தான். ஐந்து ரசீதுகளையும் பார்த்த இளைஞர் ஐந்து வரிகளாகத் தட்டியிருக்கிறார். ஐந்திலும் ஒரே பெயர், ஒரே தொகை. ரசீது எண்ணையோ தேதியையோ அவர் பதியவில்லை. பட்டியலை ஒழுங்குபடுத்தியவர், ஒரே பெயர் தவறுதலாகத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது என்று எண்ணி, இரட்டிப்புகளை நீக்கும் பொத்தானை அழுத்திவிட்டார். ஐந்து வரி ஒரு வரியாயிற்று. அவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பட்டியலைச் சுத்தம் செய்ததாகத்தான் நினைத்தார்.

ஆள் வேறு, அவர் கொடுத்த பணம் வேறு. இரண்டையும் ஒரே தாளில் கலக்காமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஒரு தாளில் நன்கொடையாளர்கள், ஆளுக்கு ஓர் எண். இன்னொரு தாளில் ரசீதுகள்: ரசீது எண், தேதி, தொகை, அதைக் கொடுத்தவரின் எண். ஒருவர் எத்தனை முறை கொடுத்தாலும் அவர் எண்ணுக்கு எதிரே உள்ள ரசீதுகளைக் கூட்டி மொத்தத்தை எக்செலே கொடுத்துவிடும். அந்த மொத்தம்தான் மலருக்குப் போக வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தாலும் எண் வேறு என்பதால் கலக்கமாட்டார்கள். ஒரே ஆலயத்தில் நான்கு முனியாண்டிகள் இருப்பது நம் ஊரில் சாதாரணம்.

ஆனால், கணவரின் பெயர் விடுபட்டதற்கு எக்செலைக் குறை சொல்ல முடியாது. பட்டியலில் பெயர், ஊர், தொகை என்று மூன்றே நெடுவரிசைகள்தான் இருந்தன. ரசீதின் ஓரத்தில் எழுதிய ‘நினைவாக’ என்ற சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது? தட்டச்சு செய்த இளைஞருக்கு அதற்கு இடமே கொடுக்கப்படவில்லை. இடமில்லாததை அவர் விட்டுவிட்டார். எத்தனை விலை உயர்ந்த மென்பொருளானாலும், பட்டியலில் இடம் இல்லாத ஒன்றை அதனால் பக்கத்துக்குக் கொண்டுவர முடியாது.

ஆயத்தப் படிவங்களை எங்கிருந்தோ எடுத்து அப்படியே பயன்படுத்துவதில் உள்ள கோளாறு இது. வெளிநாட்டு மாதிரிப் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. நமக்கு வேண்டியவை வேறு: தலைப்பெழுத்து, பெயர், தந்தை பெயர், அமரர் என்ற குறிப்பு, யார் நினைவாக, குடும்பத்தினர் என்று சேர்க்க வேண்டுமா, பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாரா. கடைசியில் சொன்னது முக்கியம். ‘ஓர் அன்பர்’ என்று மட்டும் போடச் சொன்னவரின் பெயரை முழுதாக அச்சிடுவதும் ஒரு வகையில் பிழைதான்.

அச்சகத்துக்குப் போகும் முன்

பட்டியலை அச்சகத்துக்கு அனுப்பும்போது எல்லா நெடுவரிசைகளையும் அனுப்பத் தேவையில்லை. அடையாள அட்டை எண், தொலைபேசி எண், வீட்டு முகவரி ஆகியவை மலரில் வரப்போவதில்லை என்றால் அச்சகத்துக்கு ஏன் போக வேண்டும்? மலேசியாவில் 2010-இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் 2012-இல் அத்தகைய சட்டம் இயற்றப்பட்டது, 2019 செப்டம்பர் முதல் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்குவதற்கே அமைப்புகளுக்குக் கட்டுப்பாடு உள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நம்பிக் கொடுத்த விவரத்தை ஊரெல்லாம் அனுப்பாமல் இருப்பது மரியாதை.

பிழைதிருத்தப் படி வரும்போதுதான் நல்ல ஏற்பாடுகளும் உடைந்துபோகின்றன. நாளைக்கு அச்சு என்ற நிலையில் ஒரு பெயரில் பிழை தெரிகிறது. பக்கத்திலேயே திருத்திவிடுங்கள் என்று தொலைபேசியில் சொல்லிவிடுகிறார்கள். மலரில் சரியாகிவிடும். பட்டியலில் பிழை அப்படியே இருக்கும். அடுத்த ஆண்டு திருவிழா அழைப்பிதழில் அதே பிழை மறுபடி தலைகாட்டும். பிழையைப் பட்டியலில் திருத்தி, பக்கத்தை மறுபடி உருவாக்கச் சொல்ல வேண்டும். பட்டியல் ஒழுங்காக இருந்தால் அது பத்து நிமிட வேலை என்று வடிவமைப்பாளர் உறுதியாகச் சொன்னார். அவசரத்தில் எந்தச் செயலவை உறுப்பினருக்கும் அந்தப் பத்து நிமிடம் இருப்பதில்லை என்றும் சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்.

பொருளாளர் சொன்ன யோசனை ஒன்று இந்த நிகழ்ச்சியிலேயே மிகப் பயனுள்ளது எனலாம். அறுநூறு பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்ப்பதற்கு முன், இரண்டு எண்களை மட்டும் பாருங்கள் என்றார் அவர். மலரில் எத்தனை பெயர் இருக்கிறது, அவற்றின் தொகையைக் கூட்டினால் எவ்வளவு வருகிறது? பெயர்களின் எண்ணிக்கை பதிவேட்டோடும், கூட்டுத்தொகை கணக்குப் புத்தகத்தில் உள்ள நன்கொடை வரவோடும் ஒத்துப்போக வேண்டும். ஒரு வெள்ளி குறைந்தாலும் எங்கோ ஒருவர் விடுபட்டிருக்கிறார் என்று பொருள். அந்தக் கணக்கை அன்றைக்கு யாராவது போட்டுப் பார்த்திருந்தால் 400 வெள்ளி இடித்திருக்கும், மலர் அச்சேறும் முன்பே மூதாட்டியின் ஐந்து ரசீதுகளையும் தேடி எடுத்திருப்பார்கள்.

அந்த ஆலயத்தில் இப்போது ரசீதுப் புத்தகத்தைப் புதிதாக அச்சிட்டிருக்கிறார்கள். தொகைக்கு மேலே இரண்டு கட்டங்கள் கூடுதலாக உள்ளன. ஒன்றில், ‘மலரில் பெயர் எப்படி வர வேண்டும்? தமிழில் எழுதவும்’ என்றிருக்கிறது. மற்றதில், ‘யார் நினைவாக?’